பாண்டி, கடலூர்ல புத்தகம் போடுறவங்களுக்கு: ட்ரெடிஷனல் செரிஃப் ஃபான்ட் தேர்ந்தெடுத்து பக்கம் கட்டுறதுக்கு முழு வழிகாட்டி

பாண்டில புத்தகம் லேஅவுட் பண்றவங்களுக்கு மத்த ஊர்ல அவ்வளவா வராத ஒரு சிக்கல் முதல் பக்கத்துலயே வந்து நிக்கும். தமிழ்ல மேட்டர் போயிட்டு இருக்கும், நடுவுல பிரெஞ்சு ஆவணத்துல இருந்து நாலு வரி வரும், அடிக்குறிப்புல இங்கிலீஷ் புத்தகப் பேரு வரும், எல்லாத்துக்கும் மேல 1674, 1761, 1954னு ஆண்டுகள் பக்கம் பூரா கொட்டிக் கிடக்கும். ஒவ்வொண்ணுக்கும் கைக்கு வந்த ஃபான்ட்ட போட்டா ஒரே பத்தி மூணு ஆளு எழுதின மாதிரி தெரியும். கடலூர் பக்கம் ஊர் வரலாறு, கோயில் வரலாறு, கவிதைத் தொகுப்பு போடுறவங்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், பிரெஞ்சு மட்டும் குறையும்.

நான் சொல்லப் போறது ஒண்ணுதான். புத்தகத்துக்கு ஃபான்ட்ட ஸ்கிரீன்ல பாத்து முடிவு பண்ணாதீங்க, தாள்ல அடிச்சுப் பாத்து முடிவு பண்ணுங்க, அதுவும் தமிழ் தனியா லத்தீன் தனியா இல்லாம ரெண்டையும் ஒரே பத்தியில வச்சு. அத வரிசையா எப்படி செய்யறதுன்னு கீழ எழுதியிருக்கேன்.

முதல்ல மேட்டர சுத்தம் பண்ணுங்க

ஃபான்ட் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடியே செய்ய வேண்டிய வேலை இது, பலபேர் தாண்டிப் போறதும் இதத்தான். எழுத்தாளர் குடுக்குற ஃபைல் பழைய பாமினிலயோ வேற ஏதாவது டிடிபி ஃபான்ட்லயோ இருந்தா யூனிகோடுக்கு மாத்திடுங்க. மாத்தின பிறகு வரிவரியா படிச்சே ஆகணும், ஏன்னா கன்வெர்ட்டர் விடுற தப்பு கண்ணுக்கு சட்டுன்னு தெரியாது. ‘ஔ’ வர வேண்டிய இடத்துல ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியா உக்காந்திருக்கும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்துல ‘ர’ இருக்கும். எ, அ, உ, க இந்த நாலுக்கும் பதிலா தமிழ் எண்களான ௭, ௮, ௨, ௧ நுழைஞ்சிருக்கும், நிறைய ஃபான்ட்ல ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கறதால ஃபான்ட்ட மாத்தினப்புறம்தான் வெளிய தெரியும். ‘ஸ்ரீ’ய யூனிகோடுல ரெண்டு விதமா அடிக்கலாம், ஒரு புத்தகத்துல ஒரே விதமா இருக்கணும், இல்லன்னா பின்னாடி பெயர் அட்டவணை போடுறப்ப பாதி பக்கம் விட்டுப்போகும். ஃபைண்ட் ரீப்ளேஸ்ல இது ஒவ்வொண்ணையும் தனித்தனியா தேடுங்க, ஒரு மத்தியானம் போகும், போனா போகட்டும்.

அப்படியே ஒரு தாள்ல எழுதி வைங்க: இந்தப் புத்தகத்துல என்னென்ன இருக்கு? செய்யுள் இருக்கா, அடிக்குறிப்பு இருக்கா, பிரெஞ்சு மேற்கோள் எவ்வளவு, வடமொழிப் பேர்கள லத்தீன் எழுத்துல மேல கோடு கீழ புள்ளியோட எழுதியிருக்காங்களா? பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் மாதிரி ஆய்வு வட்டாரத்துல இருந்து வர்ற மேட்டர்ல கடைசியா சொன்னது கண்டிப்பா இருக்கும். ஃபான்ட் தேர்வுல பாதி இந்த லிஸ்ட்லயே முடிஞ்சிடும்.

ட்ரெடிஷனல் செரிஃப்னா எதப் பாக்கணும்

லத்தீன் எழுத்தோட கோடு முடியற இடத்துல சின்னதா ஒரு பாதம் மாதிரி இருக்கும்ல, அதுதான் செரிஃப். ஆனா புத்தகத்துக்கு அந்த பாதத்த விட முக்கியம் கோட்டோட கனம் ஏறி இறங்கறது. 16ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல க்ளோத் கரமோன் வெட்டின எழுத்துல இந்த ஏத்த இறக்கம் மெதுவா, பேனா பிடிச்ச கை தெரியற மாதிரி இருக்கும். 18ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல கேஸ்லன், அப்புறம் பாஸ்கர்வில்னு போகப் போக அது கூர்மையாகுது. அந்த நூற்றாண்டு முடியறப்ப டிடோ, போடோனி வந்து மெல்லிசு கோட்ட முடி மாதிரி ஆக்கிட்டாங்க. அட்டைக்கும் பத்திரிகைத் தலைப்புக்கும் போடோனி அழகுதான், ஆனா 300 பக்கம் படிக்கற பாடிக்கு, அதாவது புத்தகத்தோட உள் உரைக்கு, நம்ம மேப்லித்தோ தாள்ல (பளபளப்பில்லாத சாதாரண புத்தகத் தாள்) அந்த முடிக்கோடு அங்கங்க உடையும். பாடிக்கு கரமோன், கேஸ்லன், பாஸ்கர்வில் வழியில வந்தது ஏதாவது போதும். டைம்ஸ் நியூ ரோமன் 1932ல லண்டன் டைம்ஸ் பேப்பருக்காக வந்தது, பேப்பரோட குறுகலான பத்தியில நிறைய எழுத்து அடைக்கணும்னு பண்ணது, புத்தகத்தோட அகலமான வரிக்கு அது கொஞ்சம் நெருக்கம். கம்ப்யூட்டர்ல இருக்குங்கற ஒரே காரணத்துக்காக அத எடுக்க வேண்டாம்.

தமிழ்ல அந்தப் பாதம் கிடையாது. ஓலையில எழுத்தாணியால கீறினப்ப கோடு பூரா ஒரே கனம். ஈயத்துல வார்த்து அச்சடிக்க ஆரம்பிச்ச பிறகுதான் இங்க கனம், அங்க மெலிசுன்னு நாம இன்னைக்கு பழைய புத்தகத்துல பாக்கற சாயல் படிப்படியா வந்துச்சு. அதனால தமிழ்ல ட்ரெடிஷனல்னு தேடுறப்ப அந்த கன வேறுபாட்டையும், சுழி, வளைவெல்லாம் நல்லா திறந்து காத்தோட்டமா இருக்கான்னும் பாருங்க.

நம்ம கடற்கரை இந்த விஷயத்துல சாதாரண இடம் இல்ல. தெக்க தரங்கம்பாடில ஜெர்மனியோட ஹாலேல இருந்து வந்த தமிழ் அச்செழுத்து ரொம்ப பெருசா இருந்துச்சு, தாளோ பஞ்சம், அதனால அங்கயே சின்ன எழுத்து வார்த்து 1714, 1715ல புதிய ஏற்பாட்ட அடிச்சாங்க. தாள்தான் எழுத்தோட சைஸ முடிவு பண்ணுச்சு, இன்னைக்கும் அதே கணக்குதான். 1761ல இங்கிலீஷ்காரங்க பாண்டிய பிடிச்சப்ப இங்க இருந்த பிரெஞ்சு அச்சு இயந்திரத்தையே தூக்கிட்டுப் போயிட்டாங்க, அது சென்னை வேப்பேரில ஃபப்ரிஷியஸ்ங்கற ஜெர்மன் பாதிரியார் கைக்குப் போச்சு, அந்த வேப்பேரி அச்சகத்துலதான் 1779ல அவரோட தமிழ் இங்கிலீஷ் அகராதி வந்துச்சு. 19ஆம் நூற்றாண்டுல பாண்டி மிஷன் அச்சகம் முசே, துப்புய் பாதிரிமாரோட தமிழ் பிரெஞ்சு அகராதிய அடிச்சுச்சு. ஸ்கேன் கெடச்சா அத நிதானமா பாருங்க. ஒரே வரியில தமிழும் பிரெஞ்சும் பக்கத்துல பக்கத்துல எப்படி நிக்குதுன்னு கவனிச்சீங்கன்னா நான் அடுத்து சொல்றது சுலபமா புரியும்.

ஜோடி சேக்கறது

இலவசமா, ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ்ல கெடைக்கறத மட்டும் சொல்றேன். விக்கற புத்தகத்துல தாராளமா போடலாம், பிடிஎஃப்ல எம்பெட் பண்ணலாம் (ஃபைலுக்குள்ளயே சேத்து வைக்கலாம்), ஃபான்ட்ட மட்டும் தனியா விக்கக் கூடாது.

என் முதல் தேர்வு டிரோ தமிழ். இலக்கியப் பதிப்பு மாதிரியான பாரம்பரிய வேலைய மனசுல வச்சே செஞ்ச ஃபான்ட் இது, ஃபியோனா ராஸ், ஃபெர்னாண்டோ மெல்லோ மாதிரி இந்திய எழுத்துலயே ஊறினவங்க கை இருக்கு. தமிழும் லத்தீனும் ஒரே ஃபான்ட்டுக்குள்ள ஒண்ணுக்கொண்ணு அளவு பாத்து வச்சிருக்காங்க, அதுலயே நம்ம தலைவலி பாதி தீந்துடும். ரெகுலர், இட்டாலிக்னு ரெண்டே ஸ்டைல்தான், போல்டு கெடையாது. இத குறையா சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அப்படித் தோணல. ஒரு நாவலுக்கோ கட்டுரைத் தொகுப்புக்கோ போல்டு உண்மையில எங்க தேவைப்படுது?

பாடப்புத்தகம், பத்திரிகை மாதிரி பலவிதமான தலைப்பும் பாக்ஸும் வர்ற வேலைன்னா நோட்டோ செரிஃப் தமிழ் எடுங்க. மெல்லிசுல இருந்து பிளாக் வரைக்கும் எல்லா கனமும் இருக்கு. பாடில கொஞ்சம் விறைப்பா தெரியும், ஆனா எங்கயும் கைவிடாது.

லத்தீன் பக்கத்துக்கு தனியா வேணும், பிரெஞ்சு நிறைய வருதுன்னா ஈபி கரமோன்ட். 1592ல வந்த எகனோல்ஃப் பெர்னர் எழுத்து மாதிரித் தாள வச்சு கியோர்க் டஃப்னர் ஆரம்பிச்ச வேலை அது, பிரெஞ்சு அதுல படிக்கறதுக்கு அவ்வளவு இதமா இருக்கும். ஒரு விஷயம், அதோட சின்ன எழுத்து (a, x மாதிரி) உயரம் கம்மி. தமிழ் 11 பாயிண்ட்னா அதுவும் 11ல வச்சா பிரெஞ்சு வரி தூரத்துல நிக்கற மாதிரி சின்னதா தெரியும். 108ல இருந்து 112 சதவீதம் வரைக்கும் ஏத்திப் பாருங்க. லிப்ரே பாஸ்கர்வில் இதுக்கு நேர் எதிர், அது இயல்பாவே பெருசு, இறக்கணும். கணக்கு என்னன்னா, தமிழ் ‘ப’வோட உயரத்துக்கும் லத்தீன் சின்ன எழுத்தோட உயரத்துக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கக் கூடாது. தமிழ் ஒரு நூலளவு பெருசா இருந்தா தப்பில்ல, அது தமிழ்ப் புத்தகம்தான.

டெஸ்ட் தாள்

இங்க அவசரமே வேண்டாம். புத்தகத்துல இருந்தே மூணு மொழியும் ஆண்டும் கலந்து வர்ற ஒரு பக்கத்த எடுங்க, எந்த சைஸ்ல அச்சாகப் போகுதோ அதே சைஸ்ல நாலஞ்சு ஃபான்ட்ல செட் பண்ணுங்க, கூடவே இந்த மாதிரி ஒரு வரியும் சேருங்க: கூழ், சூழ், மூழ்கி, ஞாயிறு, நு, னு, ணு, ரூ, றூ, டீ, ஜூ, ஹூ, க்ஷ, ஸ்ரீ, அஃது. ‘ரு’வும் ‘நு’வும் ஓடுற கண்ணுக்கு பிரிஞ்சு தெரியுதா, ன ண சுழி எண்ண முடியுதா, இல்ல மை அடைச்சுக்குதா, ‘ட்’ மேல புள்ளி நடுவுல நிக்குதா ஓரத்துக்கு ஓடுதா, துணைக்காலும் ‘ர’வும் குழம்புதா, இதெல்லாம் பாருங்க. எண்கள் தமிழ் எழுத்த விட உயரமா துருத்திக்கிட்டு நின்னா 1761, 1954னு வர்ற இடமெல்லாம் பக்கத்துல புள்ளி புள்ளியா கண்ண இழுக்கும். அப்ப எண்ண மட்டும் அரை பாயிண்ட் இறக்கலாம், இல்ல ஈபி கரமோன்ட்ல இருக்கற ஓல்டு ஸ்டைல் எண்கள எடுக்கலாம், அது சின்ன எழுத்து மாதிரி மேலயும் கீழயும் அலைஞ்சு பத்தியோட கலந்துடும்.

அடிக்கறப்ப ஏ4 ஜெராக்ஸ் தாள்ல அடிக்காதீங்க. அச்சகத்துல கேட்டு, புத்தகம் எந்த தாளோ அதுலயே நாலு ஷீட் வாங்குங்க. 70 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட் மேப்லித்தோவா இருந்தா மை கொஞ்சம் ஊறி கோடு தடிக்கும், ஆர்ட் பேப்பர்ல அதே எழுத்து மெலிஞ்சு நிக்கும். டிஜிட்டல்ல வர்ற கனமும் ஆஃப்செட்ல வர்ற கனமும் வேற வேற, எதுல அடிக்கப் போறீங்களோ அதுலயே சாம்பிள் கேளுங்க. அப்புறம் அந்த தாள வீட்டுல வயசானவங்க கையில குடுத்து ட்யூப்லைட் வெளிச்சத்துல படிக்கச் சொல்லுங்க. எங்க தடுக்குறாங்கன்னு மட்டும் பாருங்க, எது அழகுன்னு கேக்காதீங்க.

பக்கமும் வரி இடைவெளியும்

டெம்மி சைஸ், அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், தமிழ் உரைநடைக்கு நல்லா பொருந்தும். கவிதைக்கு அத விடச் சின்ன கிரவுன் சைஸ். டெம்மில வரி அகலம் நாலு அங்குலத்த ஒட்டி வைங்க, முதுகுப் பக்க மார்ஜின் முக்கால் அங்குலத்துக்குக் குறைய வேண்டாம், ஏன்னா பர்ஃபெக்ட் பைண்டிங்ல (முதுகுல பசை போட்டு ஒட்டறது) புத்தகம் முழுசா விரியாது, வரியோட கடைசி எழுத்து மடிப்புக்குள்ள போயிடும்.

சைஸ் 11 பாயிண்ட்ல ஆரம்பிங்க. வரி இடைவெளிதான் தமிழ்ல எல்லாம். இங்கிலீஷ்ல 11க்கு 14, அதாவது 11 பாயிண்ட் எழுத்துக்கு வரிக்கு வரி 14 பாயிண்ட், வச்சா சரியா இருக்கும், அத அப்படியே தமிழுக்கு வச்சா மேல் வரியோட கூ, மூ, ஞ கீழ இறங்கி வரும், கீழ் வரியோட கீ, ண், றீ மேல ஏறி வரும், ரெண்டும் நடுவுல முட்டிக்கும். 11க்கு 16 வைங்க, டிரோ தமிழ்ல சில மேட்டருக்கு 16.5 கூட கேக்கும். பக்கம் கூடுதேன்னு பயந்து எழுத்த 90 சதவீதத்துக்கு குறுக்கறது நம்ம டிடிபி கடைகள்ல ரொம்ப காலமா நடக்குற பழக்கம், தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க. நிக்கற கோடு மெலிஞ்சு படுத்த கோடு அப்படியே இருக்கும், டிசைன் பண்ணவங்க பாத்து பாத்து வச்ச கனம் எல்லாம் நாசம். பக்கம் குறைக்கணும்னா மார்ஜின்ல கொஞ்சம் எடுங்க, இல்ல சைஸ கால் பாயிண்ட் இறக்குங்க. 16 பக்கம் ஒரு ஃபாரம், அதனால 196 பக்கம் வந்தா 192க்கு இழுக்கப் பாக்கறது நியாயம்தான், ஆனா அந்த நாலு பக்கத்த எடிட் பண்ணி எடுங்க, எழுத்த நசுக்கி எடுக்க வேண்டாம்.

சாஃப்ட்வேர் செட்டிங்

இன்டிசைன்ல முதல் வேலை, பாராகிராஃப் ஸ்டைல்ல கம்போஸர (வரிய அமைக்கற செட்டிங்) அடோபி வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போஸர்னு மாத்தறது. மாத்தலன்னா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு போகும். லாங்குவேஜ்ல தமிழ்னு வைங்க. லத்தீனுக்கு தனி ஃபான்ட்னா கை வலிக்க செலக்ட் பண்ணிட்டு இருக்காதீங்க, லத்தீன் எழுத்துகள மட்டும் பிடிக்கிற மாதிரி ஒரு கிரெப் ஸ்டைல் எழுதி கேரக்டர் ஸ்டைலோட இணைச்சுட்டா புத்தகம் பூரா தானா மாறும், அந்த 110 சதவீதமும் அதுலயே போட்டுடலாம்.

காசு குடுத்து சாஃப்ட்வேர் வாங்க முடியலன்னா ஸ்கிரைபஸ் புதிய வெர்ஷன் தமிழ நல்லா காட்டுது. வெறும் உரைநடைன்னா லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரே போதும், ஆனா அதுல தமிழ் ஃபான்ட் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ங்கற தனி இடத்துல இருக்கும், ஆப்ஷன்ல அத ஆன் பண்ணிட்டு ஸ்டைல்ல வெஸ்டர்ன் ஃபான்ட் ஒண்ணு, சிடிஎல் ஃபான்ட் ஒண்ணுன்னு தனித்தனியா குடுக்கணும். ஃபான்ட் மாத்தியும் தமிழ் மாறலன்னு குழம்புறவங்க முக்கால்வாசி பேருக்கு இதுதான் காரணம்.

ஜஸ்டிஃபிகேஷன்ல லெட்டர் ஸ்பேஸிங் மூணு கட்டத்துலயும் பூஜ்யம். தமிழ்ல எழுத்துக்கு நடுவுல இடம் விட்டா துணைக்காலும் கொம்பும் தன் எழுத்த விட்டு விலகிப் போயிடும். எழுத்தோட அகலத்த மாத்துற க்ளிஃப் ஸ்கேலிங்க 100லயே விடுங்க.

வரிய எங்க உடைக்கறது

ரெண்டு பக்கமும் நேரா கட்டின தமிழ்ப் பத்தில சொல்லுக்கு சொல் ஓட்டை விழறது ஃபான்ட்டோட தப்பு இல்ல. நம்ம சொல் நீளம். ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்காகவே’ மாதிரி ஒண்ணு வந்தா வரிக்கு ஆறு சொல்கூட பிடிக்காது, அது கீழ இறங்கினா மேல் வரி பல்லு விழுந்த வாய் மாதிரி ஆயிடும். பழைய அச்சுக்கோப்பாளருங்க கோடே போடாம சொல்ல உடைச்சு அடுத்த வரிக்கு கொண்டு போயிடுவாங்க, படிக்கறவங்களும் பழகியிருந்தாங்க. நீங்க கோடு போடுறதா வேணாமான்னு ஒரு முடிவு எடுத்து புத்தகம் பூரா அதையே வைங்க. கோடு வேணாம்னா இன்டிசைன்ல டிஸ்க்ரெஷனரி லைன் பிரேக் இருக்கு.

எங்க உடைக்கறதுங்கறதுல நான் கண்டிப்பானவன். வரி ஒற்றெழுத்துல ஆரம்பிக்கவே கூடாது. சொல்லோட உறுப்பு பிரியற இடத்துல உடைங்க: போய்க் / கொண்டிருந்தவர் / களுக்காகவே. ‘புதுச்சேரியிலிருந்து’ன்னா ‘புதுச்சேரி’யோட நிறுத்துங்க. ஒத்த எழுத்த மேலயோ கீழயோ தனியா விடாதீங்க. மென்பொருள் தானா உடைச்சதையும் ஒரு தடவ கண்ணால பாத்தே ஆகணும். செய்யுளுக்கு ஜஸ்டிஃபையே வேண்டாம், இடது பக்கம் கட்டி அடி நீண்டா மடக்கி உள்ள தள்ளி விடுங்க, சீரோட இடைவெளிய தொடக் கூடாது.

தலைப்பு, அழுத்தம், பிரெஞ்சு

போல்டு இல்லாத ஃபான்ட்டுக்கு சில சாஃப்ட்வேர் தடிமன் ஏத்தித் தரும், அது எழுத்த சுத்தி கோடு வரையறதுதான், சுழியெல்லாம் அடைஞ்சிடும். அத்தியாயத் தலைப்ப அதே ரெகுலர்ல 18 பாயிண்ட்ல வச்சு மேல பக்கத்துல கால்வாசி வெறுமையா விடுங்க, கம்பீரமா நிக்கும். உள்தலைப்பு கட்டாயம் தடிமனா வேணும்னா நோட்டோ செரிஃப் தமிழ் செமிபோல்டு ஒண்ண மட்டும் கடன் வாங்குங்க. தமிழ செயற்கையா சாய்க்காதீங்க, புத்தகப் பேருக்கு ஒற்றை மேற்கோள் போதும். லத்தீன்ல புத்தகப் பேரு வந்தா நிஜமான இட்டாலிக் போடணும், அது அந்த மரபு.

பிரெஞ்சுக்கு தனி முறை இருக்கு. கேள்விக்குறி, ஆச்சரியக்குறி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி நாலுக்கும் முன்னாடி ஒரு இடைவெளி விடுவாங்க, அவங்களோட இரட்டை அம்பு மாதிரி மேற்கோள் குறிக்கு உள்ளேயும் அதே. அத சாதாரண ஸ்பேஸா அடிச்சா குறி மட்டும் தனியா அடுத்த வரிக்கு ஓடிடும், அதனால உடையாத ஸ்பேஸ் போடுங்க. பெரிய எழுத்து மேலயும் ஆக்ஸான் (É மாதிரி மேல வர்ற குறி) போடணும். ஓவும் ஈயும் ஒட்டி வர்ற ஒற்றை எழுத்து (œ) ஃபான்ட்ல இருக்கான்னு டெஸ்ட் தாள்லயே பாத்துடுங்க. வீதிப் பேர், ஆளுங்க பேர்ல இதெல்லாம் தப்பா போச்சுன்னா இந்த ஊர்ல பிரெஞ்சு படிச்ச பெரியவங்க முதல் பக்கத்துலயே புத்தகத்த மூடி வச்சிடுவாங்க, அவங்க கோவத்துல நியாயமும் இருக்கு.

அடிக்குறிப்பு 9க்கு 13. அதுக்குக் கீழ தமிழ் இறங்கினா ன, ண சண்டை போட ஆரம்பிச்சிடும்.

அச்சுக்கு அனுப்பறப்ப

எழுத்து எல்லாம் வெறும் கறுப்பு 100 சதவீதமா இருக்கணும், நாலு கலர் சேந்த கறுப்பா இருந்தா ப்ளேட் இம்மி நகந்தாலும் எழுத்தச் சுத்தி நிழல் விழும். பிடிஎஃப் எடுத்ததும் டாகுமென்ட் ப்ராப்பர்ட்டில எல்லா ஃபான்ட்டும் எம்பெட் ஆயிருக்கான்னு பாருங்க. அச்சகத்துக்கு ஓப்பன் ஃபைல் குடுக்காதீங்க, அங்க ஃபான்ட் இல்லன்னா கம்ப்யூட்டர் தானா வேற ஒண்ண போட்டு நிரப்பிடும்.

தாளோட நார் ஓட்டம் முதுகுக்கு இணையா இருக்கணும்னு வாய்விட்டு சொல்லுங்க. நம்ம பக்கம் கடல் காத்து, ஐப்பசி கார்த்திகைல அடைமழை, ஈரத்த குடிச்ச தாள் குறுக்கு நார்ல இருந்தா முதுகு நெளிஞ்சு பக்கம் அலையலையா நிக்கும். பக்கம் அதிகம்னா நூல் தையல் கேளுங்க, செலவு கூடும், ஆனா புத்தகம் படுத்து விரியும், நீங்க விட்ட மார்ஜினும் முழுசா தெரியும்.

முதல் ஃபாரம் ஓடறப்ப அச்சகத்துல நேர்ல நில்லுங்க. ஒரு ஷீட்ட எடுத்து மடிச்சு வெளிச்சத்துக்கு எதிரா பிடிங்க, முன்பக்க வரியும் பின்பக்க வரியும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காருதான்னு பாருங்க. அப்புறம் உங்க டெஸ்ட் தாள பக்கத்துல வச்சு மை கனம் ஒப்பிடுங்க, சுழி அடைஞ்சா மைய குறைக்கச் சொல்லுங்க, மெல்லிசு கோடு விட்டுப்போனா ஏத்தச் சொல்லுங்க. சரியா வந்த ஷீட்ல கையெழுத்து போட்டு மிஷின் பக்கத்துலயே ஒட்டி வச்சா, அடுத்த ஃபாரம் வேற ஷிஃப்ட்ல வேற ஆள் ஓட்டினாலும் அதுக்குச் சமமா வச்சு ஓட்டுவாங்க.